டிவிக்குப் பின்னால் இருந்த பெட்டி

போன மார்ச் மாதம், லெந்து நாட்களில் ஒரு வியாழக்கிழமை. இரவு டியூட்டி முடிந்து வந்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, வாசலில் கிடந்த தபாலைப் பிரித்தால் எங்கள் இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். பில் என்றுதான் நினைத்தோம். உங்கள் வீட்டு இணைப்பில் உள்ள ஏதோ ஒரு கருவியில் தீங்கான மென்பொருள் இருப்பதாகத் தெரிகிறது, கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எந்தக் கருவி என்று ஒரு வார்த்தை இல்லை.

"ஏமாற்றுக் கடிதமா இருக்கும், கிழிச்சிப் போடு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். நியாயமான சந்தேகம்தான். அதனால் கடிதத்தில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, பழைய பில் ஒன்றைத் தேடி எடுத்து அதிலிருந்த எண்ணுக்குப் பேசினோம். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் வந்தார். கடிதம் உண்மைதான் என்றார். எந்தக் கருவி என்று கேட்டதற்கு, வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் வீடு முழுவதும் ஒரே முகவரிதான், உள்ளே யார் எதைச் செய்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் தேட வேண்டும் என்றார்.

இதை வாலிபர் இதழில் எழுதக் காரணம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் ரூட்டர் பக்கம் போகிற ஒரே ஆள் நீங்கள்தான். அப்பா அம்மாவுக்கு அது விளக்கு எரிகிற ஒரு பெட்டி. எங்களுக்கும் அந்த வியாழக்கிழமைவரை அப்படித்தான் இருந்தது.

கடிதம் வருவதற்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. டிசம்பரிலிருந்து, எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் "நீங்கள் மனிதர்தானா?" என்று கேட்டு, டிராஃபிக் லைட் இருக்கும் படங்களைத் தொடு, பஸ் இருக்கும் படங்களைத் தொடு என்று சோதனை வைத்தது. பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். மாலையில் இணையம் இழுத்தது. வங்கியின் செயலி ஒருநாள் காரணமே இல்லாமல் எங்களை வெளியே தள்ளிவிட்டது. வார்டில் ஒரு நோயாளியிடம் இதுபோல மூன்று சின்ன மாற்றங்கள் தெரிந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட்டிருப்போம். வீட்டில், "லண்டன் இன்டர்நெட் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஆறு பேர். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், நவம்பரில் ஆறு மாத விசாவில் வந்திருந்த அத்தை, மாடியில் சின்ன அறையில் தங்கிப் படிக்கும் ஒரு தம்பி. தம்பி பாளையங்கோட்டைப் பக்கம். ஊரில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம், இங்கே நம் சபைதான். வாடகை கொஞ்சம் வாங்குகிறோம், சாப்பாடு எங்களோடு. கம்ப்யூட்டர் சம்பந்தமான படிப்பு. ராத்திரி இரண்டு மணிவரை அவர் அறையில் விளக்கு எரியும்.

சந்தேகம் எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. படமோ மென்பொருளோ திருட்டுத்தனமாக எதையாவது இறக்கியிருப்பார், அதோடு ஏதோ வந்திருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். திட்டவில்லை. ரொம்பப் பக்குவமாகத்தான் சொன்னோம்: "தம்பி, இப்படி ஒரு லெட்டர் வந்திருக்கு. சரியாகிறவரைக்கும் நீங்க வைஃபை யூஸ் பண்ண வேண்டாம்." அவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். "நான் ஒண்ணும் செய்யலக்கா" என்றார். பிறகு, "சரிக்கா" என்றார். அவ்வளவுதான். அவருடைய லேப்டாப்பைத் துண்டித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

எங்களுக்கு ஏன் அவ்வளவு பயம் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு எட்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இந்த நாட்டுக்கு நர்ஸாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மதியத்துக்குமேல் வார்டில் கம்ப்யூட்டர்களை யாரும் தொடாதீர்கள், அணைத்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. 'வான்னாக்ரை' என்ற பெயரை அன்று மாலைச் செய்தியில்தான் கேட்டோம். கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலரை பிட்காயினில் கட்டு என்று திரையில் எழுதிக் காட்டுகிற மென்பொருள். 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்தது. இங்கிலாந்தில் அன்று இருந்த 236 என்.எச்.எஸ். டிரஸ்டுகளில் 80 பாதிக்கப்பட்டன. ரத்த ரிசல்ட்டைத் தாளில் எழுதி ஆள் கையில் கொடுத்து அனுப்பினோம். மருந்துச் சீட்டைப் பேனாவால் எழுதினார்கள். தூரத்திலிருந்து வந்த நோயாளிகளிடம் திரும்பிப் போகச் சொன்னோம். நாடு முழுவதும் ரத்தான அப்பாயின்ட்மென்ட்கள் சுமார் 19,000 இருக்கும் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

அதில் இரண்டு விஷயங்கள் இன்றைக்கும் மனதில் நிற்கின்றன. முதலாவது, வான்னாக்ரை பரவ யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் போதும், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே போனது, காற்றில் பரவும் அம்மை மாதிரி. இரண்டாவது, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால். போடாதவர்கள்தான் மாட்டினார்கள். (அதை நிறுத்தியவர் டெவனில் பெற்றோர் வீட்டிலிருந்து வேலை செய்த 22 வயது மார்கஸ் ஹட்சின்ஸ். அந்த மென்பொருள் ஒரு இணைய முகவரியைத் தேடிக்கொண்டே இருப்பதைக் கவனித்து, யாரும் வாங்காமல் கிடந்த அந்த முகவரியைப் பதிவு செய்தார். பரவுவது நின்றுவிட்டது. உங்கள் வயதுதான்.)

ஆகவே, "வீட்டு இணைப்பில் தீங்கான மென்பொருள்" என்று படித்ததும் எங்கள் லேப்டாப்தான் கண்முன் வந்தது. அதில் என்ன இல்லை? ஆறு பேருடைய பாஸ்போர்ட் ஸ்கேன், விசாக் கடிதங்கள், நர்ஸிங் பதிவுச் சான்றிதழ், சம்பளச் சீட்டுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், நாகர்கோவிலில் வாங்கிப் போட்ட நாலு சென்ட் நிலத்தின் பத்திரம்வரை ஒரே ஃபோல்டரில். அந்த ஃபோல்டர் வீட்டு நெட்வொர்க்கில் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கும்படி பகிரப்பட்டிருந்தது. ஒருநாள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிரின்ட் எடுக்க முடியவில்லை என்று, வீட்டுக்காரர் தேடித் தேடி எதையோ அமுக்கி வைத்தது. பிரின்ட் வந்தது. கதவு திறந்தே கிடந்தது.

தம்பியை நெட்வொர்க்கிலிருந்து விலக்கி ஒரு வாரமாயிற்று. டிராஃபிக் லைட் படங்கள் நிற்கவில்லை. மார்ச் கடைசியில் தம்பி நண்பர்களோடு மான்செஸ்டர் போய் இரண்டு இரவு தங்கினார். அந்த இரண்டு நாளும் இணையம் அப்படியே இழுத்தது. அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். அவருடைய லேப்டாப்பிலிருந்து வேறு எதற்கோ தொற்றிவிட்டது போல என்று சொல்லிக்கொண்டோம். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் வருகிற ஆதாரத்தையெல்லாம் அதற்கு ஏற்றபடி மடக்கிக்கொள்ள மனிதருக்கு நன்றாகத் தெரிகிறது.

மூன்று வாரம் அவர் எங்கள் வைஃபையைத் தொடவில்லை. அந்த மாதம் அவருக்கு இரண்டு அசைன்மென்ட் இருந்தன என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். கல்லூரி நூலகத்தில் இருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்திருக்கிறார். மொபைல் டேட்டாவுக்குத் தன் கைக்காசு போட்டிருக்கிறார். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் சபையில் ஐ.டி. வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் சொன்னோம். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை வந்தார். அவர் செய்த முதல் காரியம், ரூட்டரின் உள்ளே போவது. அதற்கென்று தனி பாஸ்வேர்டு இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக்குள் நுழைய, இது வீட்டின் பூட்டையே மாற்ற. எங்கள் பழைய ரூட்டரில் அது கம்பெனி போட்டு அனுப்பியபடியே, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாதாரணச் சொல்லாக இருந்தது. (2024 ஏப்ரல் 29 முதல் அமலுக்கு வந்த சட்டப்படி, இந்த நாட்டில் புதிதாக விற்கும் இதுபோன்ற கருவிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு அனுப்பக் கூடாது. பழைய கருவிகள் பழையபடிதான்.)

"எத்தனை கருவி இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு என்றோம். பட்டியலில் 23 இருந்தன. போன்கள், லேப்டாப்கள், பிள்ளைகளின் டேப்லெட், பிரின்டர், டிவி, பேசும் ஸ்பீக்கர், வாசல் மணி, எடை பார்க்கும் மெஷின்கூட. பெயர் புரியாத மூன்றில் ஒன்று, எப்போதோ வீட்டுக் கூட்டத்துக்கு வந்த யாருடைய போனோ, பக்கத்துத் தெருவில் குடியிருப்பதால் இன்னும் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் அடுத்ததாகப் பார்த்தது, எந்தக் கருவி எவ்வளவு அனுப்பியிருக்கிறது என்பதை. இறக்குவதைப் பார்க்காதீர்கள், அனுப்புவதைப் பாருங்கள் என்றார். சாதாரண வீட்டில் வாங்குவது அதிகம், கொடுப்பது குறைவு. எங்கள் வீட்டில் ஒரே ஒரு கருவி எல்லோரும் தூங்குகிற அதிகாலை மூன்று மணிக்கும் வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தது. அதன் பெயர் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தோம். டிவிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைப் பிடுங்கியதும் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் போய்விட்டது.

உங்களில் பாதிப்பேர் வீட்டில் அந்தப் பெட்டி இருக்கும். அத்தைக்கு சீரியல் இல்லாமல் முடியாது. நவம்பரில் அவர்கள் வந்த வாரமே, ஒரு கடையில் தமிழ்ச் சேனல் எல்லாம் வரும், புதுப் படம் எல்லாம் வரும், ஒருதரம் பணம் கட்டினால் போதும் என்று சொன்ன பெட்டியை வாங்கினோம். அவ்வளவு சேனல் அந்த விலைக்கு நேர் வழியில் வராது என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். கேட்காமல் இருந்தோம். கடைக்காரர் பொருத்திக் காட்டும்போது, "பாதுகாப்பு" என்று ஏதோ ஒன்றை அணைக்கச் சொன்னார். அதையும் அணைத்தோம். டிராஃபிக் லைட் படங்கள் டிசம்பரில் தொடங்கியதை இதோடு சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பெட்டி இரவெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அண்ணன் விளக்கியபோது வயிறு கலங்கியது. இப்படிப்பட்ட பெட்டிகளில் சில, நம் வீட்டு இணைப்பை வாடகைக்கு விடுகின்றன. எங்கோ இருக்கும் ஒருவர் பணம் கட்டி, நம் வீட்டின் வழியாக இணையத்துக்குள் போவார். அவர் போலிக் கணக்கு தொடங்கலாம், திருடிய பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கலாம். எதிரில் இருப்பவர்களுக்குத் தெரிவது நம் வீட்டு முகவரி. அதனால்தான் ஒவ்வொரு பக்கமும் எங்களைப் பார்த்து "நீ மனிதனா?" என்று கேட்டிருக்கிறது. விசாவில் இருக்கிற, தொழில்முறைப் பதிவை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்லத் தேவையில்லை.

இது எங்கள் வீட்டோடு நிற்கிற கதை இல்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். 2023 அக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் 'பேட்பாக்ஸ்' என்று பெயரிட்டு இதை வெளிப்படுத்தியது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் அங்கே சுமார் 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூன் 5-ஆம் தேதி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. ஜூலையில் கூகுள், ஒரு கோடிக்கும் அதிகமான கருவிகள் இந்த வலையில் இருப்பதாகச் சொல்லி நீதிமன்றம் போனது. கருவி தயாராகி வரும்போதே மென்பொருள் உள்ளே இருக்கலாம், அல்லது முதல்நாள் பொருத்தும்போது இறக்கச் சொல்லும் செயலியோடு வரலாம். கேள்விப்படாத கம்பெனி, இலவசமாக எல்லாம் வரும் என்ற விளம்பரம், கூகுளின் பாதுகாப்பை அணைக்கச் சொல்வது என்று எஃப்.பி.ஐ. சொன்ன அடையாளங்கள் ஒவ்வொன்றும் எங்கள் பெட்டிக்குப் பொருந்தின. தொழிற்சாலையிலேயே உள்ளே வைத்திருந்தால் ரீசெட் செய்தும் பயனில்லை. நாங்கள் கவுன்சிலின் மறுசுழற்சி நிலையத்தில் கொண்டு போட்டோம். வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் பேச்சு வந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

வார்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்க மாட்டோம். உடனே தனி அறைக்கு மாற்றிவிடுவோம். அது சரியான முறைதான். வீட்டிலும் அதைத்தான் செய்தோம் என்று நினைத்தோம். ஆனால் தனி அறைக்கு அனுப்பியது நோயில்லாத ஆளை. நோயாளி டிவிக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

அன்று இரவு தம்பி வந்ததும் மேஜையில் உட்காரச் சொல்லி, நடந்ததை முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். வீட்டுக்காரர்தான் முதலில் கேட்டார். தம்பி கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்ல அம்மாகிட்ட சொல்லிட்டீங்களோன்னுதான் பயமா இருந்துச்சிக்கா" என்றார். நாங்கள் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சபையில் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தோம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்ற பெயரில். அந்த இருவரிடமும் மறுநாள் ஆராதனை முடிந்து குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டே போய், எங்கள் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். வைரஸை எடுத்ததைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதன்பிறகு வீட்டில் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் தம்பியும் எங்கள் மகளும் சேர்ந்து செய்தவை. ஒரு சனிக்கிழமை மதியம் போதுமானதாக இருந்தது.

ரூட்டரின் உள் பாஸ்வேர்டை முதலில் மாற்றினார்கள். அதன்பின் வைஃபை பாஸ்வேர்டு. பழையது மகளின் பெயரும் பிறந்த வருஷமும். ஆறு வருஷமாக வீட்டுக் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் தெரியும், தெரியாதவர்களும் ஊகித்துவிடலாம். இந்த நாட்டின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் சொல்கிற எளிய வழி ஒன்று உண்டு: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சொற்களைச் சேர்த்து வைப்பது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிச் சேர்த்தாலும் ஆகும். ஆனால் சபையில் எல்லோரும் வைக்கிற பெயர்கள் வேண்டாம். தாவீது, எஸ்தர், எபிநேசர், சங்கீதத்தின் எண் — நம் ஆட்களை அறிந்தவர் பத்துத் தடவைக்குள் கண்டுபிடித்துவிடுவார்.

அதே பக்கத்தில் பாதுகாப்பு முறை என்று ஒன்று இருக்கும். அதில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்று இருக்க வேண்டும். டபிள்யூ.இ.பி. என்று இருந்தால் அது 2001-லேயே உடைக்கப்பட்ட பூட்டு. அந்த ரூட்டரை மாற்றுங்கள். கம்பெனியைக் கேட்டால் புதியது தருவது உண்டு, எங்களுக்குத் தந்தார்கள். டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியையும் அணைத்தார்கள். எட்டு இலக்க எண்ணைப் போட்டுச் சேர்கிற வழி அது. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்றுதான் தோன்றும். அந்த எண்ணை இரண்டு பாதியாகத் தனித்தனியே சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், 11,000 முயற்சி போதும் என்று 2011-இல் காட்டிவிட்டார்கள். இதை மகள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தாள்: பத்தாயிரமும் ஆயிரமும்.

எல்லாவற்றிலும் பயனுள்ளது கெஸ்ட் நெட்வொர்க். எங்களுக்கு இது உடனே புரிந்தது, வார்டின் தனி அறைதான் இது. ஒரே ரூட்டரில் இரண்டாவதாக ஒரு வைஃபை. அதில் இருப்பவர்கள் இணையத்துக்குப் போகலாம், வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பார்க்க முடியாது. ரூட்டர் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். உள்ளே இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்ப்பதை அது சாதாரணமாகத் தடுப்பதில்லை. டிவி, ஸ்பீக்கர், வாசல் மணி, எடை மெஷின், விருந்தினர் போன்கள் எல்லாம் இப்போது கெஸ்ட் பக்கம். லேப்டாப்கள், பிரின்டர், எங்கள் போன்கள் உள் பக்கம். தம்பி தன் லேப்டாப்பை கெஸ்டில் சேர்க்கப் போனார். மகள் அதைப் பிடுங்கி உள் பக்கம் சேர்த்தாள்.

லேப்டாப்பில் அந்த ஃபோல்டரின் பகிர்வை எடுத்தோம். விண்டோஸ் புதிதாக ஒரு வைஃபையில் சேரும்போது, பொது நெட்வொர்க்கா தனிப்பட்ட நெட்வொர்க்கா என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. வெளியிடங்களில், சபை ஹாலில்கூட, பொது என்பதுதான் சரி. அப்போது மற்றக் கருவிகளுக்கு உங்கள் கம்ப்யூட்டர் தெரியாது. பத்திரங்களை ஒரு வெளி டிரைவில் நகல் எடுத்து, டிரைவைக் கழற்றி பீரோவில் வைத்தோம். செருகியே வைத்திருந்தால் வான்னாக்ரை மாதிரி ஒன்று வரும்போது நகலும் சேர்ந்து பூட்டப்படும்.

அப்டேட் விஷயத்தில் வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் பழைய தகராறு. "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பொத்தானை மாதக்கணக்கில் அமுக்குகிறவர். 2017 மார்ச் 14-ஐயும் மே 12-ஐயும் ஒரு தாளில் எழுதி அவருடைய மேஜையில் ஒட்டினோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் அது ஓடுகிறதென்றால், விண்டோஸ் 11-க்கு மாறுமா என்று பாருங்கள். மாறாதென்றால் ஒரு வருஷ நீட்டிப்பில் பதிவு செய்யலாம். தாத்தா பாட்டியின் கம்ப்யூட்டரைத்தான் முதலில் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்போம்.

அத்தைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பெட்டி போன அன்றைக்கே, "என்னலே, நல்லா ஓடிக்கிட்டு இருந்தத ஏன் கழத்துனே?" என்று மகனைப் பிடித்துக்கொண்டார்கள். மாதச் சந்தா கட்டி ஒரு செயலியைப் போட்டோம். இரண்டு சீரியல்தான் அதில் வருகிறது. மூன்றாவதை ஊரிலிருந்து சின்ன நாத்தனார் தினமும் போனில் கதையாகச் சொல்லிவிடுவாள். மே மாதம் ஊருக்குக் கிளம்பும்வரை அப்படித்தான் ஓடியது. விமானநிலையத்தில் தம்பியைக் கட்டிக்கொண்டு, அவரிடம் மட்டும் தனியாக ஏதோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த வீட்டுக் கூட்டம் எங்கள் வீட்டில்தான். கெஸ்ட் வைஃபைக்கான கியூ.ஆர். அட்டையைத் தம்பி அச்சடித்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். உங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் அப்படி ஒரு பெட்டி இருந்தால், கழற்றுவதற்கு முன் ரூட்டர் பட்டியலைப் பார்க்க ஆசைப்பட்டால், ஆராதனை முடிந்து டீ நேரத்தில் அவரிடம் சொல்லுங்கள், வருவார். ஒரே ஒரு வேண்டுகோள்: ரூட்டருக்கு அடியில் இருக்கிற ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாலிபர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "அண்ணா, இதுவா பாஸ்வேர்டு?" என்று கேட்காதீர்கள். போன மாதம் இரண்டு பேர் போட்டுவிட்டார்கள்.